கண்ணீர் அஞ்சலி பேனரில் தைத்த படுதா

தை மாசத்துல இப்படி ஒரு மழை வரும்னு எவனாவது சொன்னானா? போன்ல பாத்தா சூரியன் படம், அதுக்கு ஓரத்துல குட்டியா ஒரு மேகம். அவ்வளவுதான். எங்க சம்பா நெல்லு பூரா கொள்முதல் நிலையத்து வாசல்ல குவியலாக் கெடந்துச்சு. மிஷின் வச்சு அறுத்துக் கொண்டுபோய்க் கொட்டியாச்சு, ஆனா சாக்கு வரலன்னு எடை போடாம இழுத்தடிச்சாங்க. எங்களுக்கு முன்னாடி வந்தவங்க குவியலே அப்படியே கெடக்கு, எங்கள யாரு கேப்பா.

இது மத்த வருஷத்து நெல்லு மாதிரி இல்ல. என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில போனப்புறம் நான் தனியாப் போட்ட முதல் வெள்ளாமை. நிலம் குத்தகை நிலம். நிலத்துக்காரர் சென்னையில இருக்கார். தங்கமான மனுஷன், கோவப்படவே மாட்டார். "ஒரு போகம் பாருங்கம்மா. முடியலன்னா வேற ஆளுக்கு விட்டுடலாம்"னு மெதுவாத்தான் சொன்னார். அந்த மெதுவு இருக்கே, அதுக்குத்தான் நான் பயந்தேன். கல்யாணமாகி நான் வந்த நாள்லேருந்து என் வீட்டுக்காரர் எறங்கி நின்ன வயலு அது. அதையும் விட்டுட்டா அந்த மனுஷனோடதுன்னு எனக்கு என்ன மிச்சம்?

வானம் கறுத்ததும் நெல்லை மூடப் படுதாவுக்கு ஓடினேன். வாடகைக்கு விடற கடையில ஒண்ணுகூட இல்ல. "நேத்தே எல்லாம் போயிடுச்சுக்கா"ன்னான் கடைக்காரன். நேத்து நான் என்ன பண்ணிட்டிருந்தேன்? போன்ல சூரியனப் பாத்துட்டு சும்மா இருந்தேன். என்னைச் செருப்பால அடிக்கணும்.

வீட்டுல என் நாத்தனார் இருந்தா. வீட்டுக்காரரோட தங்கச்சி, கூத்தாநல்லூர் பக்கம் வாக்கப்பட்டவ, அறுப்புக்கு ஒத்தாசையா வந்திருந்தா. "அண்ணி, இருக்கறத வச்சு நாமளே தைப்போம்"னா. பரண்ல ஏறி எல்லாத்தையும் இழுத்துப் போட்டோம். யூரியா சாக்கு, காதுகுத்து பேனர், தெருமுனையில யாரோ கழட்டிப் போட்ட கட்சி பேனர். சாக்கையெல்லாம் ஓரத்துல பிரிச்சு விரிச்சோம். தையல் மிஷின்ல குடுத்தா ஊசி படார்னு ஒடிஞ்சுது. அப்புறம் கோணி ஊசிதான், கொசுவலை கட்டற நைலான் கயித்தைப் பிரிச்சு எடுத்த நூல்தான். ஊசி போன ஓட்டையில தண்ணி எறங்குமேன்னு மெழுகுவத்தியை அழுத்தி அழுத்தித் தேய்ச்சோம். காத்துல பறக்காம இருக்கட்டும்னு காலி பாட்டில்ல மண்ணை அடைச்சு ஓரத்துல கட்டினோம். விரல் பூரா ரத்தம். வெளிய இடி உறுமுது, எனக்கு வெறி பிடிச்ச மாதிரி கை ஓடுது.

விரிச்சுப் பாத்தா ஒரு பக்கம் பத்தல. பரண்ல மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. என் வீட்டுக்காரரோட கண்ணீர் அஞ்சலி பேனர். அவர் கூட்டாளிங்க பஸ் ஸ்டாப்ல வச்சது. காரியம் முடிஞ்சு அதைத் தூக்கிப் போட யாருக்கும் கை வரல, நாத்தனார்தான் சுருட்டி மேல வச்சா. உயிரோட இருந்தப்ப ஒரு போட்டோவுக்கு நில்லுங்கன்னா ஓடுவார். இதுல பாத்தா பானை அளவுக்கு மூஞ்சி, முறுக்கின மீசை, சிரிப்பு வேற.

சேத்துத் தைக்கறதுல ஒரு கணக்கு இருக்கு. கீத்து வேயற மாதிரிதான். மேல இருக்கறது எறங்கி வந்து கீழ இருக்கறதை மூடணும், அப்பத்தான் தண்ணி வழிஞ்சு வெளிய போகும். அவர் பேனர் சரிவுல அடியில வருது. மேல் சாக்கு எறங்கி மூடினா அவர் நெத்தியும் கண்ணும் மறைஞ்சுபோகும். "அண்ணன் மூஞ்சிய மூடாதீங்க அண்ணி"ன்னு அவ அழுதா. தலைகீழாப் போடலாமான்னு பாத்தோம். மனசு வரல. குப்புறக் கவுக்கவும் மனசு வரல. கடைசியில அந்த ஒரு தையலை மட்டும் மாத்திப் போட்டோம். அவர் பேனர் மேல, சாக்கு அடியில. மெழுகு நெறையத் தேய்ச்சாப் போதும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

குவியலை மூடி முடிக்கறதுக்கும் மழை பிடிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. என்னா மழை! தகரக் கொட்டகையில ஒதுங்கி நின்னு பாத்தோம். நெல்லுமேல அவர் சிரிச்சுக்கிட்டே நனையறார். பக்கத்துக் குவியல்காரர், "யக்கா, அண்ணன் காவலுக்கு வந்துட்டார் போல"ன்னார். எனக்கே சிரிப்பு வந்துச்சு. பாவி, சிரிச்சேன்.

மறுநாளும் மழை விடல. சாயங்காலமா கையை உள்ள விட்டுப் பாத்தேன். ஈரம். ஈரம் மட்டுமில்ல, கதகதன்னு சூடு. நெல்லு சூடேறினா முளைக்கப் போகுதுன்னு அர்த்தம். ஐயோன்னு கத்திட்டேன். மேல் சாக்குல வழியற தண்ணி பூரா அவர் தலைமுடிகிட்ட வாய்க்கால் மாதிரி உள்ள எறங்குது. பல்லால கடிச்சு அந்தத் தையலை அறுத்தேன். நாத்தனார் என் கையைப் பிடிச்சா. "விடு! உங்கண்ணன் போயாச்சு, நெல்லையாவது காப்பாத்த விடு"ன்னு அவமேல எரிஞ்சு விழுந்தேன். விழுந்தேனே ஒழிய, சாக்கு நுனியைக் கையில வச்சுக்கிட்டு, அவர் கண்ணைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டேன். என்னால முடியல.

அவதான் என்னை ஒதுக்கிட்டு வந்தா. பேனரை உள்ள தள்ளி, சாக்கை இழுத்து அவர் மூக்கு வரைக்கும் போத்தினா. "கண்ணை மூடிக்க அண்ணே, மழை பெய்யுது"ன்னா. அவ அழுத்திப் பிடிக்க, நான் அந்த மழையிலேயே திரும்பத் தைச்சேன். தைச்சு முடிச்சப்புறமும் அவ கையை எடுக்கல.

ஆனா அதுக்குள்ள நேரம் கடந்துபோச்சு. வெயில் வந்து படுதாவைத் தூக்கினா, அந்தப் பக்கம் பூரா வெள்ளை வெள்ளையா முளை. வாரி எடுத்தோம், ஒதுக்கினோம், காய வச்சோம். கிளறக் கிளற முளைதான் வருது. எடை போடறவர் ஒரு பிடி அள்ளிப் பாத்துட்டு, "முளைச்சது கலந்திருக்கும்மா, எடுக்க முடியாது"ன்னார். கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். அவர் அடுத்த குவியலுக்குப் போயிட்டார். நிலத்துக்காரர் போன் பண்ணார். அதே மெதுவான குரல். "போதும்மா, விட்டுடுங்க."

இப்ப அந்த வயல்ல வேற ஆளு நாத்து விட்டிருக்கார். படுதா மறுபடியும் பரண்ல கெடக்கு. நாத்தனார் ஊருக்குப் பஸ் ஏறறப்ப, "அந்தத் தையலைப் பிரிச்சிடுங்க அண்ணி, அண்ணனுக்கு மூச்சு முட்டும்"னு சொல்லிட்டுப் போனா. நானும் எத்தனையோ தடவை கத்திரிக்கோலை எடுத்துட்டேன். பிரிக்க முடியல. கண்ணைத் திறந்ததும் அந்த மனுஷன் முதல்ல கேக்கப் போறது, நெல்லு என்னாச்சுன்னுதான்.