கண்மாய் அடுப்பு

வறண்ட கண்மாயில் ஆடுகளோடு தங்கினால், கிளம்பும்போது அடுப்பில் தண்ணீர் ஊற்றாமல் நல்லகாமன் நகரமாட்டார். “பொது எடம். ஒரு பொறி போதும், அம்புட்டுப் பனையும் போயிரும்” என்பார். அந்தத் தாமதத்துக்கு மனைவி ஒச்சம்மாள் திட்டாத நாளில்லை.

போன பங்குனியில், விளாங்குடிக்கு மேற்கே ஒரு கண்மாயில் சோறு பொங்கும்போது, விறகு எடுத்த நல்லகாமனைப் பாம்பு கடித்தது. தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளிடம் நடந்தே வந்து சொன்னார். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுநாள்தான், அடுப்பு எரிந்தபடியே கிடந்திருக்குமே என்று அவளுக்கு உறைத்தது. பதறி ஓடினாள். பனைகள் நின்றன. அடுப்புச் சாம்பல் நனைந்து கட்டிப்போயிருந்தது. பக்கத்தில் குடம் காலியாகக் கிடந்தது.

“பாவி மனுசா! பாம்பு கடிச்சபெறகும் எங்கிட்ட ஓடி வராம, இதையா அணைச்சிக்கிட்டு நின்ன?” என்று அடுப்புக் கல்லை எட்டி உதைத்தாள்.