பட்சிக்கு வாய்க்கரிசி

திருப்புல்லாணிக்குத் தெற்கே எங்கள் ஊரில், உக்கிரபாண்டிக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வானத்தில்தான் ஆள் இருந்தது. பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் ஒரே வாரத்தில் பேதி கொண்டுபோயிருந்தது. பங்குனியில் நடக்கும் ராம நாடகத்தில் அவருக்கு ஜடாயு வேஷம். ஜடாயு கருடனுக்கு அண்ணன் மகன் என்று நாடக வாத்தியார் சொன்னாலும் சொன்னார், அன்றிலிருந்து கருடன் என்று ஊர் கும்பிடும் செம்பருந்து வட்டமிட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அண்ணாந்து நிற்பார். சித்தப்பா வாராரு என்பார். ஊர் சிரிக்கும். எனக்கென்னவோ அவர் பாதி நிஜமாகத்தான் சொன்னார் என்று தோன்றும்.

வருசம் முழுக்க அடுத்தவர் கொல்லைக்கு வேலியடைக்கிற மனுசன், மாசி பிறந்தால் பனையோலையில் தன் சிறகைத் தானே முடைவார். ராவணன் வெட்டும்போது ஒரு சிறகு மட்டும் கழன்று விழ வேண்டும். பிறகு ராமன் வருவான். ஜடாயு தசரதனின் சிநேகிதர் அல்லவா, அதனால் தகப்பன் ஸ்தானத்தில் வைத்து ராமனே ஈமக்கடன் செய்வான். ராமனாக நடித்த தவசி "அய்யா" என்று கதறி, அவர் வாயில் ஒரு பிடி அரிசி போட்டு, தலைமாட்டில் சூடம் கொளுத்துவான். நாலு பேர் பாடை கட்டித் தூக்கிப்போவார்கள். அந்த ஒரு பிடி அரிசிக்காகத்தான் உக்கிரபாண்டி நாடகத்துக்கே வந்தார். பார்க்கிற எவருக்கும் அது தெரியும்.

ஐம்பத்துநாலில் தவசி பிழைக்கக் கொழும்புக்குப் போய்விட்டான். ராமர் வேஷம் மூக்கையா மகன் பொன்னுச்சாமிக்கு வந்தது. ஒத்திகையில் மூக்கையா வந்து நின்றார். தான் உயிரோடு இருக்கும்போது தன் மகன் இன்னொருத்தனை அய்யா என்று கூப்பிட்டுப் பிள்ளைக் கடன் செய்வதா என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, எந்த அப்பனும் கேட்கத்தான் செய்வான். வாத்தியார் வம்பே வேண்டாம் என்று அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டார். ராமன் ஒரு பாட்டு அழுதுவிட்டுச் சீதையைத் தேடிப் போகட்டும் என்றார்.

யார் முகத்தையும் பார்த்துப் பேசாத உக்கிரபாண்டி அன்று மூக்கையாவைப் பார்த்துப் பேசினார்.

"வருசத்துக்கு ஒருக்கத்தான் அண்ணே எனக்குப் புள்ளை இருக்கு. அதையும் எடுத்துட்டா நான் எங்கன போவேன்?"

வாத்தியார் அடுத்த பாட்டை எடுக்கச் சொன்னார்.

நாடகத்தன்று உக்கிரபாண்டி மடியில் ஒரு பிடி அரிசியை முடிந்துகொண்டு வந்திருந்தார். பையன் மனசு மாறினாலும் மாறலாம் என்ற நப்பாசை. சிறகு அறுந்து விழுந்தார். பொன்னுச்சாமி வந்தான், நன்றாகவே அழுதான், போய்விட்டான். ஈமக்கடன் இல்லையென்றால் பாடையும் இல்லை, செத்த பட்சியைத் தூக்க ஆளும் இல்லை என்பது வாத்தியார் புத்திக்கு எட்டவில்லை. ஆர்மோனியக்காரர் வாசித்ததையே வாசித்துக்கொண்டிருந்தார். மேடை நடுவில் உக்கிரபாண்டி தனியாகக் கிடந்தார். கடைசியில் தானே எழுந்து உட்கார்ந்தார். மடியை அவிழ்த்தார். அரிசியைத் தன் வாயில் தானே போட்டுக்கொண்டார். வெட்டுண்ட சிறகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே வீட்டுக்கு நடந்தார்.

பபூன் காட்சி என்று நினைத்து ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்புறம் அவர் வேஷம் கட்டவில்லை. அறுபத்துநாலில், புயலுக்குச் சில மாசம் முன்னால் செத்துப்போனார். செத்தது மறுநாள்தான் தெரிந்தது. ஆனால் வாய்க்கரிசிக்கு ஊரே திரண்டு வந்தது. தடியூன்றி வந்த மூக்கையா, தன் மகனை முன்னால் தள்ளினார்.

"ஏலே, அய்யான்னு கூப்பிட்டுப் போடு."

பொன்னுச்சாமி கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். இறுகிப்போன வாய் திறக்கவில்லை. அரிசி கன்னத்தில் வழிந்து பாயெல்லாம் சிந்திக் கிடந்தது.