கேட்காமல் எடுத்த எழுத்து

காவிரியில் வெள்ளம் வந்து ஒகேனக்கல்லில் வாரக்கணக்கில் பரிசலை நிறுத்தி வைத்தார்களே, அந்த ஆடியில் நடந்தது இது. எனக்குப் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள்.

எங்கள் பரிசல் ஓடாமல் வருமானம் நின்றதால் செல்வி மீன் மசாலா பாக்கெட் போட்டு, வெப்சைட்டிலும் விற்கத் தொடங்கினாள். கவரில் பேர் போட, கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைத்த எழுத்து வடிவங்களை, ஃபாண்ட் என்பார்களே, அவற்றைக் காட்டினாள். குண்டு குண்டாக இருந்த ஒன்றை நான்தான் கை வைத்துக் காட்டினேன். அதையே வெப்சைட்டுக்கு ஏற்ற ஃபைலாகவும் மாற்றிப் போட்டாள். கவர் அச்சாகி வந்த பிறகுதான் எழுத்தோடு வந்த நிபந்தனையைப் படித்தாள். சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசமாம். வியாபாரத்துக்கும், வெப்சைட்டுக்கு ஏற்றபடி ஃபைலை மாற்றவும் வரைந்தவரிடம் அனுமதி வாங்க வேண்டுமாம்.

"அத்தன கவரையும் கொளுத்தணுமுங்க மாமா" என்று அழுதாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆற்றில் குழம்புக்கு நாலு மீன் பிடித்தால் யாரும் கேட்கமாட்டார்கள். விற்கப் பிடித்தால் லைசென்ஸ் வேண்டும். ஆயுசு முழுக்க அந்த ஆற்றில் கிடந்தவனுக்கு இது தோன்றவில்லையே!

அந்த நிபந்தனையின் கீழே இருந்த நம்பருக்கு நானே பேசினேன். எழுத்தை வரைந்த அம்மாவே எடுத்தார்.

"கேக்காம எடுத்துட்டோமுங்க, தப்புதானுங்க. அதப் புடிச்சுப்போயி காட்டுனது நாந்தான். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

அந்த அம்மா சிரித்தார்.

"படிக்கத் தெரியாதவருக்கே புடிச்சுதா? கவருக்கும் வெப்சைட்டுக்கும் அனுமதி எழுதியே தர்றேங்க. ஒரு பாக்கெட் மட்டும் அனுப்பிவிடுங்க."

சாயங்காலமே அனுமதி மெயிலில் வந்தது. மறுநாளே நானே போய் ஒரு பாக்கெட்டை அவருக்கு அனுப்பிவிட்டு வந்தேன்.

சும்மா கிடைப்பதற்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. உங்கள் வீட்டில் யாராவது புதிதாகக் கடை போட்டால், கவர் அச்சடிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.