நாலாவது நட்டு

காரின் முதுகில் ஏறித்தான் சுப்பையன் காருக்குள் இறங்குவார். கதவுகள் நல்ல கதவுகள்தாம், திறப்பதற்குத்தான் இடமில்லை. ஒரு ஜோடி எருதுகளுக்காகக் கட்டிய சாளையில் கார் நிற்கிறது. இடப்பக்கம் கல்சுவர், வலப்பக்கம் குதிர் இருக்கும் அறையின் மண்சுவர். காருக்கும் சுவருக்கும் நடுவே இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் அதுகூட இல்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, பின்சக்கரத்து மட்கார்டில் ஒரு காலை ஊன்றி, மடக்கி வைத்த துணிக்கூரையைத் தாண்டி, பின்சீட்டில் விழுந்து, அங்கிருந்து முன்சீட்டுக்கு உருண்டு போய்ச் சேர்வார். வயது ஐம்பத்தைந்து. மல்லசமுத்திரத்துச் சந்தைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "ஏனுங்க, சாளையைக் கொஞ்சம் அகலமாக் கட்டிப் போடறதுதானுங்க?" என்று யாராவது கேட்டால், "இடிச்சுக் கட்டி முடிக்கிற வரைக்கும் இது மழையில நிக்கோணுமுங்களே" என்பார். சிரிக்கமாட்டார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் சங்ககிரிக்குப் போனது எருது வாங்கத்தான். பழைய ஜோடியை விற்றாகிவிட்டது. புது ஜோடிக்குக் கயிறுகூடத் திரித்து வைத்திருந்தார். அங்கே மாற்றலாகிப் போகிற ரயில்வே அதிகாரி ஒருவர் வீட்டு வாசலில் இந்தக் கார் நின்றது. மத்தியானம் வரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பொழுது சாயும்போது காரோடு ஊர் திரும்பினார். வாசலுக்கு வந்த அவர் மனைவி ஆத்தாயி, காரை முன்னும் பின்னும் பார்த்தாள். "இது எத்தனை சால் உழுகுமுங்க?" என்று கேட்டாள். பதில் வருமுன்பே உள்ளே போய்விட்டாள். அன்றைக்குப் பிறகு சாளைப் பக்கம் அவள் கால் வைக்கவில்லை.

சுப்பையனுக்குத் தொழில் கரும்பும் வெல்லமும். ஆலை ஓடும் மாதங்களில் காரின் பின்சீட்டில் வெல்லச் சிப்பம் ஏறும். மற்ற மாதங்களில் கல்யாணப் பெண்ணோ காய்ச்சல்காரரோ ஏறுவார்கள். எவர் ஏறினாலும் இறங்கும்போது எறும்போடுதான் இறங்க வேண்டும். சேலத்து மெக்கானிக் எவரையும் அவர் காரைத் தொட விட்டதில்லை. பிரித்துப் பிரித்துத்தான் அதைக் கற்றுக்கொண்டார். ஒரு வேப்பங்குச்சியின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார். "மாட்டுக்கு வாய் இல்லீன்னாலும் கண்ணு இருக்குதுங்க. கண்ணைப் பாத்தா நோவு தெரிஞ்சுரும். இதுக்கு அதுவுமில்ல. நாமதான் காதைக் குடுக்கோணும்." கழற்றிய நட்டுகளை முறத்தில் வரிசையாக அடுக்குவார். முதலில் வந்தது மேல் ஓரத்தில், கடைசியாக வந்தது கீழ் ஓரத்தில். அந்த முறத்தில் அப்புறம் அரிசி புடைக்க முடியாது. அப்படி ஆத்தாயியின் முறங்கள் நான்கு போய்விட்டன.

மனிதர்களிடம் அவர் அளந்துதான் பேசுவார். இன்ஜினிடம் மட்டும் வாய் ஓயாது. "பொறு சாமி, பொறு. இந்த ஒரு சுத்துத்தான். ஆச்சு, ஆச்சு." சாளையிலிருந்து இந்தக் குரல் வீட்டு அடுப்படி வரை கேட்கும்.

மூன்று வருஷமாக ஆத்தாயியின் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்குவதும், மோர் ஊற்றுவதும், விளக்குத் திரி திருத்துவதும் விரல் கணக்கிலேயே நடந்தன. பக்கத்து நிலத்துக்காரர் சின்னண்ணன் ஒரு நாள் வாசலில் பேசாமல் நின்றபோது, ஆள் நிற்பதே தெரியாமல் அவரைத் தாண்டிப் போய் அவள் குப்பை கொட்டிவிட்டு வந்தாள். அன்றைக்குத்தான் சுப்பையனுக்கு உறைத்தது. இன்ஜினில் ஒரு மயிரிழை தப்பினாலும் கேட்கிற காது, வீட்டுக்குள் இத்தனை நாள் எதைக் கேட்டதோ என்று தம்மேலேயே அவருக்குக் கசப்பு.

சேலத்துக்கு மெட்ராஸிலிருந்து எப்போதாவது வந்து போகும் கண் டாக்டர் ஒருவர் அவளைப் பார்த்தார். புரை நன்றாக முற்றிவிட்டது, எடுத்துவிடலாம் என்றார். ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குள் கூட்டிவரச் சொன்னார். அதை விட்டால் மாசி மாதம்தான், அதற்குள் கண் என்ன ஆகுமோ சொல்ல முடியாது என்றார். ஆத்தாயி ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்பதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மாதம் சுப்பையன் கெஞ்சியபின், தப்பிக்க ஒரு வழி வைத்து ஒப்புக்கொண்டாள். "உங்க காரு நிக்காமப் போச்சுன்னா வாரேன். அது நின்னுபோச்சுன்னா என்னை உட்டுரோணும். பஸ்சு, மாட்டுவண்டின்னு எதுக்கும் கூப்படக் கூடாது."

அந்தப் புதன்கிழமை விடியலிலிருந்து மழை. மறுநாளைக்குத் தயார் செய்வதற்காகச் சுப்பையன் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் ஆவி கிளம்பியது. காரின் முன்பக்கத்துத் தொட்டித் தண்ணீரை இன்ஜினுக்குள் தள்ளுகிற பம்பு ஒழுகித் தரையெல்லாம் ஈரம். இப்படியே கிளம்பினால் ஆட்டையாம்பட்டி தாண்டாது. ஆத்தாயி அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பம்பு ஒழுகுது புள்ள. சரிபண்ணீரலாம்."

"ஆகலீன்னா உடுங்க. அந்த ஆத்தாளுக்கே இஷ்டமில்லயாட்ட இருக்குது."

அவள் குரலில் இருந்த நிம்மதி அவர் காதில் விழுந்தது. சாளைக்குப் போனார்.

மழையில்லாத நாளாக இருந்தால் காரை வெளியே தள்ளி, நாலு பக்கமும் காற்றோட்டமாக வைத்துக்கொண்டு வேலை செய்திருப்பார். இன்று எல்லாம் அந்தச் சாண் இடத்துக்குள்தான். மட்கார்டின் மேல் குப்புறப் படுத்து, சுவரில் முதுகை உரசிக்கொண்டு, தலையை இன்ஜினுக்குள் நுழைத்தார். பம்பைக் கழற்ற ஒரு மணி நேரம். தேய்ந்துபோன அடைப்பை எடுத்துவிட்டு, பருத்தி நூலைப் பின்னி, விளக்கெண்ணெயிலும் மெழுகிலும் தோய்த்துப் புதிதாகச் சுற்றினார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. திருப்பி மாட்டும்போது மூன்று நட்டுகள் ஏறிவிட்டன. நாலாவது, பம்புக்குக் கீழே, டைனமோவுக்குப் பின்னால், கண்ணுக்கே படாத ஒரு பொந்தில். கழற்றும்போது நீட்டு ஸ்பேனர் போதும். மாட்டும்போது விரல் வேண்டும். கரும்பு வெட்டிக் காய்த்த அவர் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. சின்னண்ணன் வந்து தன் கையையும் விட்டுப் பார்த்தார். தோல்தான் உரிந்தது. "நாளைக்குக் காலையில மழை விட்டாப் பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மழை விட்டபின் பார்த்தால் டாக்டர் போயிருப்பார். சுப்பையன் இன்னும் ஐந்தாறு முறை முயன்றார். பிறகு காரின் முன்பக்கம், முன்பு எருதுகளுக்குத் தீனி போடும் காடி இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்தார். விரல் முட்டிகளில் ரத்தம். ஆத்தாயிக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தார்.

முன்சுவரில் தரையோடு ஒரு பொந்து உண்டு. எருதுகள் இருந்த காலத்தில் வெளியிலிருந்து தீனிக்குச் சோளத்தட்டு தள்ளுவதற்கு வைத்தது. அந்தப் பொந்தில் சாக்கை விலக்கிக்கொண்டு ஒரு கை வந்தது. பிறகு நனைந்த தலை வந்தது.

"ஏனுங்க, இருக்கறீங்களா?"

"இங்கதான் இருக்கறேன். மழையில எதுக்கு வந்தே?"

"பேச்சையே காணம். அதுகூடப் பேசிட்டேதான இருப்பீங்க. என்னமோ ஏதோன்னு வந்தேன்."

ஊர்ந்து உள்ளே வந்து, சுவரைத் தடவி எழுந்து நின்றாள். அவர் நடந்ததைச் சொன்னார். ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டு, கை போகவில்லை, கண்ணுக்கும் தெரியவில்லை. அவள் கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"எங்க, என் கையைக் கொண்டுபோயி அதுமேல வையுங்க."

"வளையலைக் கழட்டீரு. மாட்டிக்கும்."

"நீங்க குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப நான் எதுக்கு வளையல் கழட்டறேன்" என்றவள், வளையல்களை முழங்கை வரை தள்ளி, அவர் தோள் துண்டில் ஒரு கீற்றைக் கிழித்து வாங்கி இறுக்கிக் கட்டினாள்.

அவர் அவள் கையைப் பிடித்துத் தொட்டியின் ஓரமாக உள்ளே கொண்டுபோனார். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் பகல் வேளையில் அந்தக் கையைப் பிடித்தது எப்போது என்று அவருக்கு நினைவில்லை. தம் விரல்கள் நின்றுபோன இடத்தைத் தாண்டி அவள் விரல்கள் போய்க்கொண்டே இருந்தன.

"ஒரு முளையாட்ட நீட்டிட்டு இருக்குது. மேலெல்லாம் வரி வரியா."

"அதேதான். அதேதான் சாமி."

அவர் மட்கார்டின் மேல் ஏறிப் படுத்து, மேலிருந்து பம்பை இரு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் நட்டை உள்ளே கொண்டுபோனாள். இரண்டு சுற்றுத் தடுமாறி, நட்டு நழுவி விழுந்தது. சுப்பையன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சேற்றில் இனி அதை எங்கே தேடுவது?

"மண்ணுல விழலீங்க. தகரத்து மேல விழுந்துச்சு. உங்க கைக்கு நேர் கீழதான், பாருங்க" என்றாள் ஆத்தாயி.

அடித் தகரத்தில் துழாவினார். இருந்தது.

இரண்டாம் முறை அவள் நட்டை வைத்துவிட்டு முன்னால் திருகவில்லை, பின்னால் திருகினாள். "எதுக்குப் புள்ள தலகீழாச் சுத்தறே?" என்று அவர் பதறினார். "திருகு கூஜா மூடியை அப்பிடித்தானுங்க போடோணும். பின்னால சுத்துனா ஓரெடத்துல 'டுக்'குன்னு எறங்கும். அங்கிருந்து முன்னால சுத்தோணும்." ஏழு வருஷமாக நட்டோடு மல்லுக்கட்டியவருக்கு இது தெரியாது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். அந்த 'டுக்' அவர் காதிலும் விழுந்தது.

"ஏறுது" என்றாள்.

ஒரு சுற்று. இரண்டு. மூன்று. அப்புறம் அவள் கை நின்றது. கூரையில் மழை மட்டும் கேட்டது.

"இதை நான் ஏத்திட்டனா, நாளைக்குப் போயே ஆகோணுமுங்களா?"

சுப்பையன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் நெற்றியில் கிரீஸ் அப்பியிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. எப்படியாவது கூட்டிப்போய்விட வேண்டும் என்று நாலு மாதமாகத் தேடிவைத்திருந்த வார்த்தைகளை அவர் இப்போது எடுக்கவில்லை.

"பயமா இருந்தா இறக்கீரு ஆத்தாயி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். எப்பவும் சொல்லமாட்டேன்."

"பயமாத்தான் இருக்குது."

"எனக்குந்தான்."

பிறகு அந்தப் பொந்துக்குள் விரல்கள் மறுபடி அசைவது பம்பின் வழியாக அவர் உள்ளங்கைக்குத் தெரிந்தது. நாலு, ஐந்து, ஆறு. "இதுக்கு மேல வெரலுக்கு அடங்கல. உங்க ஸ்பேனரைப் போடுங்க" என்று கையை உருவிக்கொண்டாள்.

பொழுது இறங்குமுன் இன்ஜின் ஓடியது. அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. வியாழக்கிழமை கோழி கூப்பிட, தென்னை மட்டைகளைச் சேற்றில் பரப்பிக் காரைப் பின்னுக்கு எடுத்தார். ஆத்தாயி முன்சீட்டில் உட்கார்ந்து, வழி முழுக்க இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள்.

அறுவை முடிந்து பத்து நாள் அவள் அசையாமல் மல்லாந்து கிடந்தாள். சுப்பையன் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கொண்டார். பேச்சு அளந்து பேசுகிறவர், அந்தப் பத்து நாளும் அவளிடம் ஓயாமல் பேசினார். என்ன பேசினார் என்று கேட்டால் இரண்டு பேரும் சொல்வதில்லை. ஒன்றரை மாதம் கழித்துக் கண்ணாடி வாங்கப் போனார்கள். புட்டியின் அடிபோலத் தடித்த கண்ணாடியை அங்கிருந்த நர்ஸம்மாள் அவள் காதில் மாட்டினாள். ஆத்தாயி முதலில் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மரத்தில் இலை இலையாகத் தெரிகிறதென்று சொன்னாள். பிறகு மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.

அவள் அவரைத் தெளிவாகப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருஷத்தில்தான் மீசை முழுக்க வெளுத்தது. முன்பற்கள் இரண்டு விழுந்து கன்னம் ஒட்டியது. அது சுப்பையனுக்கு அந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது. அவசர அவசரமாகத் தோள் துண்டை இழுத்து மூக்குக்குக் கீழே முகத்தை மூடிக்கொண்டார்.

ஆத்தாயி எட்டி, இரண்டு விரலால் அந்தத் துண்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.