நூர் பீவி வரைந்த இதயம்

கள்ளக்குறிச்சியில் கல்யாணம் நிச்சயமான வீடுகளில் நூர் பீவியின் பெயர் சீக்கிரமே அடிபடும். மருதாணி வைப்பதுதான் அவள் தொழில். கோனைக் கையில் எடுத்தால் பென்சில் கோடு கூடப் போடாமல் நேராக வரைந்துகொண்டே போவாள். மணப்பெண் தூக்கம் தாங்காமல் கையை ஆட்டினாலும் கொடி வளையாது. கணவன் நவுஷாத் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செருப்புக் கடை வைத்திருக்கிறான். ஒரே மகள் ஜெபீனா.

ஜெபீனாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை குறைவு. எதிரே நிற்பவரின் முகம் தெரியும், தெருவில் வரும் வண்டி தெரியும். புத்தகத்து எழுத்து மட்டும் கண்ணுக்குள் நிற்காது. கண்ணாடியை எத்தனை முறை மாற்றியும் பெரிய வித்தியாசமில்லை. கண்ணருகே பிடிக்கும் உருப்பெருக்கியை வைத்து ஒரு பக்கம் படிப்பதற்குள் தலைவலி வந்துவிடும். ஆறாம் வகுப்பில் அவள் அழுதுகொண்டே புத்தகத்தை மூடிய ஒரு நாள், அடுப்படியில் இருந்த நூர் பீவி வந்து அதை எடுத்துத் தானே சத்தமாகப் படித்தாள். பத்தாவதோடு நின்றவள் அவள். வாசிப்பு தடுமாறவில்லை. அன்றிலிருந்து தினமும் மாலைத் தொழுகை முடிந்ததும் பாடம் வாசிப்பது அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. பருப்பு வேகும், நூர் பீவி படிப்பாள், ஜெபீனா சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து கேட்பாள்.

ஜெபீனா பத்தாம் வகுப்புக்கு வந்தபோது நூர் பீவிக்கு வெளியூர் அழைப்புகள் கூடிவிட்டன. உளுந்தூர்பேட்டை, களமருதூர் என்று போனால் திரும்ப நேரமாகும்.

"போன்ல படிச்சி வச்சிட்டுப் போம்மா. நான் கேட்டுக்கறேன்" என்றாள் மகள்.

அப்படித்தான் குரல் பதிவு தொடங்கியது. நூர் பீவி வெறும் எழுத்தை மட்டும் படித்துவிட்டு நகர மாட்டாள். படம் வந்தால் அதையும் சொல்வாள். "இங்க ஒரு வட்டம் இருக்குது, அதும்மேல ஒரு கோடு லேசா ஒட்டிக்கினு போவுது, தோசக்கல்லு ஓரத்துல கரண்டிய வச்ச மாதிரி" என்பாள். ஜெபீனாவுக்கு அது பிடித்திருந்தது.

ஜெபீனாவின் பள்ளிக்கு வாரம் ஒரு முறை விஜயலட்சுமி வருவார். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி பள்ளியாகப் போகும் சிறப்பாசிரியர் அவர். ஒரு நாள் ஜெபீனாவோடு அந்தப் பதிவைக் கேட்டவர், கேட்ட கையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கரியாலூர் பக்கத்துல விடுதிப் பள்ளியில கோகிலவாணின்னு ஒரு பொண்ணு. அவளும் பத்தாவதுதான். பார்வை சுத்தமா கெடையாது. பிரெய்லி படிப்பா. ஆனா காதால கேட்டா இன்னும் வேகமா புடிச்சிக்குவா. இத அவளுக்குக் குடுக்கட்டுமா?"

நூர் பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் கொரலையா? பின்னாடி குக்கர் விசில் அடிக்குமே டீச்சர்."

"அடிச்சா அடிக்கட்டும்."

விடுதியில் பிள்ளைகளுக்கு செல்போன் கிடையாது. விஜயலட்சுமி பதிவுகளை ஒரு சின்ன ஒலிப்பெட்டியில் ஏற்றி மலைக்கு எடுத்துப் போனார். திரும்பி வரும்போது தன் போனில் கோகிலவாணியின் பதிலைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அக்கா, நல்லா இருக்குதுக்கா. ஆனா ஜாஸ்தி வேகமா போறீங்க. அந்த எலிக்குட்டி கத மாதிரி மெதுவா சொல்லுங்க." எலிக்குட்டிக் கதை என்று எதையும் தான் சொன்னதாக நூர் பீவிக்கு நினைவில்லை. பிறகுதான் புரிந்தது: ஒரு பதிவின் நடுவே சமையலறையில் எலி ஓடியிருக்கிறது, அதை விரட்டியதும் திட்டியதும் எல்லாம் பதிவாகியிருக்கிறது.

மலையிலிருந்து வரும் அந்தக் குரலுக்காக அவள் காத்திருக்கத் தொடங்கினாள். முகம் தெரியாத ஒரு பெண் தன் பேச்சைக் கேட்டுப் படிக்கிறாள் என்பது, மருதாணி வைத்துக்கொண்டிருக்கும்போதும் நினைவுக்கு வரும். உள்ளுக்குள் ஒரு பெருமை. கோகிலவாணியின் மாதத் தேர்வு மதிப்பெண்களும் ஏறிக்கொண்டே போயின.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த சமயம் விஜயலட்சுமி மறுபடி வந்தார். டீயை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதயப் பாடத்துல கோகிலவாணி எல்லாத்தயும் மாத்திச் சொல்லிட்டா. வலது பக்கத்த இடதுன்னும் இடது பக்கத்த வலதுன்னும். அவ சொல்லச் சொல்ல எழுதறவங்க அப்படியேதான எழுதுவாங்க? பெரிய கேள்வி, மொத்தமா போச்சு. சார் கேட்டதுக்கு, இல்ல சார், புஸ்தகத்துலதான் தப்பு, அக்காவே திருத்திச் சொன்னாங்கன்னு சண்ட போட்டிருக்கா."

நூர் பீவி அறிவியல் புத்தகத்தை எடுத்து வந்தாள். அந்தப் பக்கம் நன்றாக நினைவிருந்தது. படத்தின் இடது பக்கத்து அறையைக் காட்டி 'வலது' என்று அச்சடித்திருந்தது. வலது பக்கத்தில் 'இடது' என்று போட்டிருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்துவிட்டாள். "மாத்திப் போட்டுட்டாங்க, நீங்க சரியா வச்சிக்கோங்க" என்று பதிவில் சொன்னதும் அவள்தான்.

"புஸ்தகத்துல இருக்குறது சரிதாங்க" என்றார் விஜயலட்சுமி மெதுவாக.

அது எப்படிச் சரி என்று கேட்க நூர் பீவிக்கு வாய் வரவில்லை. அவர் போன பிறகு வெகுநேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகளும் அந்தப் பதிவைத்தானே கேட்டாள் என்ற நினைப்பு வந்தது. ஜெபீனாவைக் கேட்டாள். வகுப்பில் டீச்சர் பெரிய படத்தை வைத்து நடத்தியதால் அவள் சரியாகவே எழுதியிருந்தாள். தப்பு முழுவதும் மலைமேல் இருந்த பெண்ணின் தலையில் போய் விழுந்திருந்தது.

அதன்பின் பதிவு செய்வது நின்றது. விஜயலட்சுமி போன் செய்தால், "தை மாசம் டீச்சர், கல்யாணம் ஜாஸ்தி" என்பாள். ஜெபீனாவுக்கு மட்டும் நேரில் உட்கார்ந்து படித்தாள். அதிலும் எழுத்து மட்டும்தான்.

"படம் எங்கம்மா?" என்றாள் ஜெபீனா.

"படம் வேணாம். வகுப்புல கேட்டுக்கோ."

நவுஷாத் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா நூரு, ஒரு தப்புக்கு இவ்ளோ கோவமா? நான் கடையில எத்தினி பேருக்கு ரெண்டும் இடதுகால் செருப்பாக் கட்டிக் குடுத்திருக்கேன்."

"செருப்பு திருப்பிக் குடுக்கலாம். பரீட்ச போனா போனதுதான்" என்றாள் அவள்.

"இது அரையாண்டுதான? முழுப் பரீட்ச இனிமேதான வருது?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விஜயலட்சுமியின் போனிலிருந்து கோகிலவாணியின் குரல் செய்தி ஒன்று வந்தது. "அக்கா, சார் சொல்லிக் குடுத்துட்டாரு. இப்ப மனப்பாடமா சொல்லிருவேன். ஆனா இதயம் எப்படி இருக்கும்னு இன்னும் தெரியலக்கா. வார்த்தயா மட்டும்தான் தெரியுது. நீங்க ஏன் பேசறதில்ல? மத்த பாடமெல்லாம் அப்படியே நின்னுபோச்சு."

நூர் பீவி அதை இரண்டு முறை கேட்டாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அடுத்த நாள் ஒரு கல்யாண வீடு. மருதாணி வைத்து முடித்து, அது காயும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கைகளை நீட்டியபடி இருந்த மணப்பெண்ணின் மேல் இடித்துவிடாமல் நகர்வதற்காக நூர் பீவி இருட்டில் துழாவியபோது, காய்ந்து மேடிட்ட கொடி அவள் விரலில் தட்டுப்பட்டது. இலை எது, மொட்டு எது என்று விரலுக்கே தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டாள். "இன்னாக்கா, அழிஞ்சிடுச்சா?" என்று பதறினாள் மணப்பெண். "இல்லம்மா, நல்லா இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஒரு செருப்புப் பெட்டியின் மூடியை வெட்டி, அதில் மருதாணியால் இதயத்தை வரைந்தாள். காய்ந்ததும் தொட்டால் உதிர்ந்தது. மைதா மாவுக் களியைக் கோனில் அடைத்துப் பார்த்தாள், வெடித்துப் போனது. பிறகு நவுஷாத் கடையில் கிடந்த வெள்ளைப் பசையை அடைத்து வரைந்தாள். காலையில் எழுந்து தொட்டுப் பார்த்தால் கோடு கெட்டியாக, வழுவழுவென்று எழும்பி நின்றது.

ஜெபீனா கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். முகம் சுளித்தாள்.

"ஒண்ணும் புரியலம்மா. எறும்புப் புத்துல கைய வச்ச மாதிரி இருக்குது."

உண்மைதான். புத்தகத்தில் இருந்த அத்தனை குழாயையும் அத்தனை கோட்டையும் அவள் வரைந்திருந்தாள். கல்யாணக் கையில் இடம் விடாமல் நிரப்பித்தான் பழக்கம். இங்கே கம்மியாக வரைய வேண்டும் என்பது அவளுக்குப் புதிது. இரண்டாவது அட்டையில் நான்கு அறைகளும் பெரிய குழாய்களும் மட்டும் வந்தன. மூன்றாவதில் ரத்தம் போகும் திசைக்குப் புள்ளிகள். இடது அறையின் சுவர் தடிப்பாக இருக்கும் என்று பாடத்தில் இருந்ததால் அங்கே மட்டும் கோட்டின் மேல் கோடாக இழுத்தாள். இந்த முறை வலது, இடது எதையும் அவள் மாற்றவில்லை. புத்தகத்தில் எப்படியோ அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ்ஸில் போனார்கள். வளைவுகளில் ஜெபீனா அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். நூர் பீவி அட்டைகளை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தாள். விடுதி வாசலில் விஜயலட்சுமி நின்றிருந்தார். பக்கத்தில் கோகிலவாணியும் அவள் அப்பா சின்னக்கண்ணுவும். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்பவர். மகளைப் பார்க்க வாராவாரம் வருபவர்.

நூர் பீவி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "மன்னிச்சிரும்மா. தெரியாம மாத்திச் சொல்லிட்டேன்."

கோகிலவாணி குரல் வந்த பக்கம் திரும்பி, வாயெல்லாம் சிரித்தாள். "நீங்க இவ்ளோ உயரமாக்கா? கொரல் மேலேர்ந்து வருது!"

மரத்தடியில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக் கொடுத்தார்கள். அவள் விரல்கள் முதலில் ஓரம் முழுவதும் ஒரு சுற்று வந்தன. பிறகு உள்ளே இறங்கின.

"நாலு ரூம். இங்க சுவரு தடியா இருக்குது. இதுதான் இடதா? ஒடம்பு பூரா தள்ளணும் இல்ல, அதான் தடி." கொஞ்சம் நின்றாள். "ஆனா இது என் வலது கைப் பக்கம் இருக்குதே."

"அதான் எனக்கும் புரியல" என்றாள் நூர் பீவி. சொல்லிவிட்டு விஜயலட்சுமியைப் பார்த்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

கோகிலவாணி அட்டையைத் தூக்கினாள். திருப்பினாள். பின்பக்கத்தைத் தன் நெஞ்சில் ஒட்டிவைத்து, முன்பக்கத்தை மறுபடி தடவினாள். தடித்த சுவர் அவளுடைய இடப்பக்கம் வந்திருந்தது.

"இது நம்ம எதிர்ல நிக்கிறவங்களோட இதயம்க்கா! அவங்க நம்மளப் பாத்துக்கினு நிக்கிறாங்க. அவங்க இடதுதான் இடது."

நூர் பீவி மகளின் எதிரே நின்று, தன் கையையும் அவள் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு சத்தமாகச் சிரித்துவிட்டாள். தினமும் எதிரே உட்கார வைத்துத்தான் மணப்பெண்களுக்குக் கை வரைகிறாள்; இது தோன்றவில்லை. சின்னக்கண்ணு அட்டையைக் கேட்டு வாங்கி, தன் சட்டை மேல் வைத்துத் தொட்டுப் பார்த்தார். "இத்தன வேல உள்ள நடக்குதா?" என்று மகளைக் கேட்டார். அவள் ரத்தம் எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று அவர் விரலைப் பிடித்து நடத்திக் காட்டினாள்.

அன்றே பதிவுகள் மறுபடி தொடங்கின. தேர்வு வரை மூளை, செடித் தண்டின் குறுக்குவெட்டு, வட்டமும் தொடுகோடும் என்று அட்டைகள் மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் ஒரு புதுக் கட்டுப்பாடு வந்தது. எந்த அட்டையும் ஜெபீனாவின் அறிவியல் டீச்சரோ கணக்கு டீச்சரோ பார்க்காமல் போகக் கூடாது. அது நூர் பீவி போட்ட கட்டுப்பாடு. டீச்சர்கள் பரீட்சை வேலையில் திணறிய நாட்களிலும் அவள் பள்ளி வாசலில் அட்டையோடு நின்றாள்.

மே மாதம் முடிவு வந்தது. ஜெபீனா தேறினாள்; கணக்கு கொஞ்சம் காலை வாரியது, மற்றவை நன்றாகவே வந்தன. கோகிலவாணி அவள் பள்ளியில் அறிவியலில் முதல். பள்ளியில் பாராட்டு விழா வைத்து நூர் பீவியையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் ஏறவில்லை. "பரீட்ச எழுதுனது அந்தப் பொண்ணு" என்று பெற்றோர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கோகிலவாணி மைக்கில் பேசும்போது எலிக்குட்டிக் கதையைச் சொல்ல, கூட்டம் சிரித்தது. நூர் பீவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்தில் இருந்த ஜெபீனாவுக்கே சரியாகத் தெரியவில்லை.

கோகிலவாணி இப்போது கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியலில் இவ்வளவு வாங்கிவிட்டு வரலாற்றுப் பிரிவு எடுத்திருக்கிறாளே என்று எல்லோரும் கேட்டார்கள். "அறிவியல் புடிக்கும். வரலாறு இன்னும் புடிக்கும்" என்றாள். ஜெபீனா வணிகவியல். சனிக்கிழமைகளில் இருவரும் நூர் பீவி வீட்டில்தான்.

விஜயலட்சுமியிடம் இன்னும் சில பள்ளிகளிலிருந்து அட்டைகள் கேட்டு வருகிறார்கள். மருதாணி வைக்கும் வேறு இரண்டு பெண்களையும் நூர் பீவி சேர்த்துக்கொண்டிருக்கிறாள். அவர்களுக்கு அவள் அடிக்கடி சொல்வது, "நெறைய போடாதீங்க" என்பதுதான். போன வாரம் கோகிலவாணி ஒரு நிலப்படம் கேட்டாள். பழைய அரசர்களின் எல்லை, ஆறு, கோட்டை எல்லாம் வேண்டுமாம்.

"எத்தினி ஆறுடி இருக்குது இதுல?" என்று அலுத்துக்கொண்டாள் நூர் பீவி.

"எல்லாம் வேணாம்க்கா. போர் நடந்த ஆறு மட்டும் போதும்" என்றாள் கோகிலவாணி. நூர் பீவி கோனின் நுனியை வெட்டி, பசை சரியாக இறங்குகிறதா என்று தன் உள்ளங்கையில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள்.