உளுந்து வயலில் இறங்கிய விமானம்

2010, மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழரை மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தங்கை மல்லிகா போனில் கூப்பிட்டாள். சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். "அண்ணே, நம்ம உளுந்துல ஏரோப்ளேன் எறங்கிடுச்சி. ஆளுக்கு ஒண்ணும் ஆவல. உளுந்துக்குத்தான் பயமா இருக்கு, நீ கெளம்பி வா" என்றாள். தங்கைக்கு ஒத்தாசை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஐம்பத்திரண்டு வயதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவன் நான். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

8.10-க்குப் பஸ். சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் பதினாறு ரூபாய். வாய் சும்மா இருக்குமா? பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். புதுச்சத்திரம் வருவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. போட்டோ எடுத்தால் திரும்பும்போது காட்டச் சொன்னார் கண்டக்டர்.

சிதம்பரத்தில் இறங்கி, காட்டுமன்னார்கோயில் சாலையில் டவுன் பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர். 10.15-க்குப் போய்ச் சேர்ந்தேன். சாலை கொள்ளாத கூட்டம். சுண்டல் வண்டி, ஐஸ் வண்டிகூட வந்துவிட்டன. ஆனால் வயலுக்குள் ஒரு ஆள் இல்லை. வரப்பில் மல்லிகா விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், இரண்டு பேர் உட்காரும் வெள்ளை விமானம் ஒன்று, தீனி கொத்தும் கோழியைப் போல மூக்கைச் சேற்றில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

எங்கள் பக்கத்தில் நெல் அறுப்பதற்கு முன்பே பயிருக்கிடையில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். இருக்கிற ஈரத்திலேயே அது வளரும். மேலிருந்து பார்த்தால் பச்சைப் புல்தரை. இன்ஜின் மக்கர் செய்யவும் பைலட் அதை விளையாட்டு மைதானம் என்று நம்பி இறங்கிவிட்டார். அடியில் களிமண் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெங்களூர்க்காரர், நல்ல ஆஜானுபாகு. மல்லிகா கொடுத்த காப்பியைக் குடித்தபடி, கழற்றிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கிரேன் வரும் என்றார் அவர். கிரேன் உள்ளே வந்தால் பாதி உளுந்து போய்விடும். கார்த்திகை மழையில் நெல்லைப் பறிகொடுத்தவளுக்கு அந்த வருஷம் மிச்சமிருந்தது பூவும் பிஞ்சுமாக நின்ற இந்த ஒரு பயிர்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வேடிக்கை பார்க்கும் ஆசையெல்லாம் அடங்கிவிட்டது.

என் மச்சான் ராசேந்திரன், மல்லிகாவின் புருஷன், ஊர்க்கோயிலில் இருபது வருஷமாகச் சாமி தூக்குகிறவர். மாசி மகம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. விமானத்தின் எடையைப் பைலட்டிடம் விசாரித்தார். அறுநூறு கிலோ இருக்கும் என்றார் அவர்.

"அம்மன் வாகனத்தோட இதுக்கு மேலயே இருப்பா. தூக்கிடலாம் மச்சான்" என்றார் என்னிடம்.

மல்லிகா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "சக்கரம் வந்த தடத்துலதான் காலு வக்கணும். ஒரு செடி மிதிபடக் கூடாது."

விசாரிக்க வந்திருந்த போலீஸ்காரர்கள் படம் பிடித்துக்கொண்டார்கள். பைலட் ஏழெட்டு போன் பேசி அனுமதி வாங்கினார். பகல் ஒரு மணிக்குச் சாமி தூக்கும் கோயில் தண்டுகள் வந்தன. உயரம் பார்த்து ஜோடி சேர்த்து, தோளில் துண்டை மடித்துப் போட்டு, இருபத்துநாலு பேர் நின்றார்கள். நான் குள்ளம் என்பதால் வால்தான் கிடைத்தது. மச்சான் குரல் கொடுக்க, விமானம் எழும்பியது. பைலட் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு தடங்களில் இரண்டு வரிசை, அடிமேல் அடி. சாலையேறியதும் எழுந்த விசிலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விமானத்தை வைக்க வேண்டிய நெற்களம் வலப்பக்கம். தூக்கியவர்களோ பழக்கதோஷத்தில் இடப்பக்கம், கோயிலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். முதல் வீட்டு வாசலில் நிறுத்தவும் செய்தார்கள். அந்த வீட்டம்மாவும் பழக்கதோஷத்தில் சூடத்தட்டோடு வந்து நின்றார். பைலட் பாய்ந்து ஓடினார்.

"பெட்ரோல் இருக்கும்மா, தயவுசெஞ்சு அணைச்சிடுங்க."

ஊரே சிரித்தது. அந்தம்மா சூடத்தை அணைத்துவிட்டு, வந்ததற்கு விமானத்தின் மூக்கில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ கவிழ்ந்தால் நூறு பேர் ஏறி மிதித்துவிடுவோம். இங்கே விமானத்தின் மூன்று சக்கரங்கள் போட்ட மூன்று கோடுகளைத் தவிர உளுந்து அப்படியே நின்றது. ஐந்து மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மல்லிகாவிடம் சொல்லிக்கொள்ள வயலுக்குப் போனேன். காலையிலிருந்து பிடித்திருந்த விளக்குமாற்றை அப்போதுதான் கீழே போட்டாள்.

"அண்ணே, ஏரோப்ளேன் எப்புடி இருந்துச்சி? உளுந்தையே பாத்துக்கிட்டிருந்தனா, அத நான் சரியாவே பாக்கல."

அவளைக் களத்துக்கு அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினேன். ஐந்து மணி பஸ் போய்விட்டது.