சட்டையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்

செய்தி வந்தபோது காலை பத்து மணி. விஜயதசமி. விம்கோ நகர் வீட்டில் செங்கொடி முந்தின நாள் பூஜைப் பொரியை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். போனில் துரை. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் அவள் கணவர் பக்தவச்சலத்தோடு வேலை பார்ப்பவன்.

"அண்ணி, அண்ணன் ஏரோப்ளேன் பக்கத்துல மயக்கமா விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துகீறேன். நீங்க பதறாம வாங்க."

அவன் குரல்தான் பதறியது. மெட்ரோ ரயிலில் போய்ச் சேரும்வரை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பக்தவச்சலம் பயந்த சுபாவம். ஊருக்குக் கிளம்பினால் காஸ் மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவார். எண்ணூர்த் தொழிற்சாலைகள் பக்கமிருந்து புதிதாக ஏதாவது வாடை வந்தால், ஈரத் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பார். அந்தப் பயத்துக்கு ஒரு சின்ன விமானக் கம்பெனி வருஷக்கணக்காகச் சம்பளம் கொடுத்தது. விமானங்களின் மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

சோறு பிசைந்துகொண்டே அவளுக்கு விளக்குவார்: "வானம் தெளிவா இருந்தா பைலட்டு கண்ணால பாத்து ஓட்டுவான். மேகத்துக்குள்ள பூந்துட்டான்னு வை, சாஞ்சிகீறானா, நேரா கீறானானு அவன் ஒடம்புக்கே தெரியாது. மீட்டரு சொல்றதுதான் நெசம். அதுக்குன்னே ரூல்ஸ் கீது. ஒசரம் காட்ட ஒண்ணு, சாஞ்சா காட்ட ஒண்ணு, தெசைக்கு ஒண்ணு, திரும்பறதுக்கு ஒண்ணு, நொடிமுள்ளு வெச்ச கடியாரம், ரேடியோ. இதுல ஒண்ணு பேஜாரு பண்ணாலும் மேகத்துக்குள்ள போவக்கூடாது."

"இவ்ளோ தெரியுதே, நீ ஒரு தபா மேல போய்ப் பாரேன்யா."

"நானா? எனக்கின்னா பைத்தியமா?"

கடைசிவரை அவர் போகவேயில்லை.

விமானத்தின் பக்கவாட்டில் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டத் தகடு உண்டு; நடுவில் ஊசி நுழையும் துளை. வெளிக்காற்று அதன் வழியே போனால்தான் உயரம் காட்டும் முள் நகரும். பார்த்தால் பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் போலிருக்கும். ஆயுத பூஜைக்கு வருகிறவர்களின் விரல் நேராக அங்கேதான் போகும். எத்தனையோ முறை சொல்லியும் சந்தனத்தையும் குங்குமத்தையும் அங்கே அப்பினார்கள். அதனால் பூஜைக்கு முன்பு பக்தவச்சலமே அந்தத் துளை மேல் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவிடுவார். இறக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயின் வாயில் இன்னொன்று.

"இன்னாண்ணா, ஏரோப்ளேனுக்கு பேண்டேஜா?" என்பான் துரை.

"உன் வாய்க்கும் ஒண்ணு போட்டா நிம்மதியா இருப்பேன்டா."

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் மறுநாள் காலை வந்து உரிப்பார். உரித்ததைக் கீழே போடமாட்டார். சட்டைப் பை மேல் ஒட்டிக்கொள்வார். இரண்டும் சட்டைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்கு. அப்படியே வீட்டுக்கும் வந்துவிடுவார். "சட்டை கலீஜாவுது" என்று திட்டிக்கொண்டே செங்கொடி அவற்றைப் பிய்த்துவிட்டுத் துவைப்பாள். ஒன்றில் சந்தனம் காய்ந்திருக்கும். இன்னொன்று சுத்தமாக, குழாயைச் சுற்றியிருந்த வளைவோடு இருக்கும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் துரை சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் சொல்லாமலே புரிந்தது. உள்ளே கூட்டிப் போனார்கள். முகத்தைப் பார்த்தாள். பக்தவச்சலம் தூங்கும்போதுகூட இவ்வளவு பயமில்லாமல் இருந்ததில்லை.

நர்ஸ் ஒரு பையைக் கொடுத்தாள். மூக்குக் கண்ணாடி, போன், மடித்த சட்டை. சட்டையை மார்போடு அணைத்தபோது அதன் பை மேல் ஏதோ நெருடியது. டேப். வளைந்த டேப். ஒன்றுதான்.

சட்டையை உதறினாள். திருப்பினாள். பைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். சந்தனம் காய்ந்த டேப் இல்லை.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அழ வேண்டிய நேரத்தில் அவள் வராந்தாவுக்கு ஓடினாள்.

"துரை, பூஜை போட்ட ஏரோப்ளேன் இன்னைக்குக் கெளம்புதா?"

"பைலட்டு லூயிஸ் சாரு திருச்சிக்கு எடுக்கறாரு அண்ணி. அண்ணன் மயக்கம்னு மட்டுந்தான் அவருக்குத் தெரியும். இந்நேரம் ஏறியிருப்பாரு. ஏன்?"

"பொட்டுக்கு அடியில டேப்பு கீதுடா. ஒண்ணுதான் உரிச்சிகீறாரு."

துரை போனை எடுத்தான். அவளுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும். ஓடுபாதையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மேகத்துக்குள் போன பிறகு உயரத்தின் முள் தரையிலேயே நிற்கும்.

லூயிஸின் போன் அணைந்திருந்தது. ஆபீசுக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தான். ஆபீசில் வேலை பார்க்கும் ஜெனி எடுத்தாள்.

"ஜெனி, வண்டியை நிறுத்து! ஓடு! போனை வெக்காத!"

ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு. பிறகு எஞ்சின் இரைச்சல். ஜெனி கத்துவது அந்த இரைச்சலில் கரைந்தது. செங்கொடி துரையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். இரைச்சல் கூடியது. கிளம்பிவிட்டது என்றே நினைத்தாள். அவளுக்கு முகம் தெரியாத யாரோ உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு போன் அடிக்கும்.

இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"நின்னுட்டாருண்ணா," ஜெனி விம்மினாள்.

செங்கொடி அவன் மணிக்கட்டை விட்டாள். கொஞ்ச நேரத்தில் லூயிஸ் பேசினார்.

"நான் சுத்திப் பாத்தேன் துரை. பொட்டைப் பாத்தேன். பக்தா இருக்கற எடத்துல எனக்கென்ன பயம்னு விட்டுட்டேன். எப்படி இருக்கார்?"

துரை போனை அவளிடம் நீட்டினான்.

"போய்ட்டாரு சார்," என்றாள் செங்கொடி. "டேப்பு கீதா, பாத்தீங்களா?"

மறுமுனையில் அவர் விமானத்தைச் சுற்றி நடக்கும் சத்தம் கேட்டது.

"குங்குமத்துக்கு அடியில இருக்குதும்மா. கீழ் மூலை மட்டும் நகம் பட்டு லேசா உரிஞ்சிருக்கு."